முன்பே எழுதிய விடை உண்டா?
(நம் கல்விக் கழகத்தின் வெள்ளிவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வெள்ளிவிழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவது வழக்கம். அந்தப் பெருமையை நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏலக்காட்டில் பகலெல்லாம் குனிந்து காயெடுத்து, இருட்டியபின் இறங்கி வந்து, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை எண்ணி வைக்கும் தாய் இந்த அவையில் அமர்ந்திருக்கிறார். அவரைவிடக் கல்வியின் விலையை அறிந்தவர் யார்? ஆகையால் கல்வியைப் புகழ்வதை விடுத்து, ஒரு பாடத்தையே இங்கு நடத்திப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம்.

இப்பாடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் நம் மாலை வகுப்பில் எழுந்த ஒரு வினா. “எல்லாம் பிறக்கும்போதே எழுதப்பட்டுவிட்டது என்பதைக் குவாண்டம் விஞ்ஞானம் மெய்ப்பித்துவிட்டதாக ஒரு கூட்டத்தில் பேசினார்கள். அது உண்மையா?” என்று மாணவர் ஒருவர் கேட்டார். “தலையெழுத்து” என்னும் சொல்லால் நம்மைப் போல் அடிபட்ட மக்கள் இவ்வுலகில் வேறெங்கும் இல்லை. சேரியில் பிறந்ததும் தலையெழுத்து, கூலியாய் வாழ்வதும் தலையெழுத்து என்று நம் பாட்டன்மார்க்குச் சொல்லப்பட்டது. அச்சொல் இப்பொழுது விஞ்ஞானச் சட்டை அணிந்து வருகிறதென்றால், அதனை நிறுத்தி விசாரிப்பது நம் கடமை. இதில் ஒரு வியப்பு உண்டு. “முன்பே எழுதப்பட்ட விடை உண்டா?” என்னும் வினாவையே பௌதிக விஞ்ஞானிகள் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சோதனைச் சாலையில் வைத்து அளந்து வந்துள்ளனர். அவர்கள் கண்ட விடை, அந்தச் சொற்பொழிவாளர் கூறியதற்கு ஏறக்குறைய எதிரானது.

முதலில் அளவீட்டின் இயல்பைப் பார்ப்போம். மூட்டையிலுள்ள ஏலக்காயை நிறுக்கிறோம். நிறுப்பதற்கு முன்பும் அதற்கு அதே எடை இருந்தது. தராசு அதை உண்டாக்கவில்லை, அறிவித்தது. நம் அன்றாட அறிவு இவ்வாறே சொல்கிறது. மிகச் சிறிய பொருள்களின் உலகில் இது இவ்வளவு எளிதாக இல்லை.

ஒளியின் மிகச் சிறு கூறாகிய ஒளித்துகளுக்குத் தளவிளைவு என்றொரு பண்பு உண்டு. ஒளியின் அதிர்வு எந்தத் திசையில் அமைகிறது என்பதைக் குறிப்பது அது. போலராய்டு என்னும் தகட்டை ஒரு கோணத்தில் பிடித்தால், அது ஒவ்வொரு ஒளித்துகளிடமும் ஒரு வினாவைக் கேட்கிறது: கடப்பாயா, மாட்டாயா? விடை இரண்டில் ஒன்று. பாதித் துகள் கடப்பது என்பது இல்லை. இரண்டு தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் ஒளி அடியோடு மறைகிறது. அவ்விரண்டுக்கும் இடையில் மூன்றாவது தகடு ஒன்றைச் சாய்வாகச் செருகினால், மறைந்த ஒளி மீண்டும் தெரிகிறது! தடுப்பு ஒன்றைக் கூட்டினோம். ஒளி குறையவில்லை, வந்தது. நடுவில் கேட்ட வினா துகளின் நிலையையே மாற்றிவிட்டது என்பதே இதன் பொருள். ஆகையால் ஓர் ஒளித்துகளிடம் ஒரு கோணத்தில் கேட்டுவிட்டால், வேறு கோணத்தில் கேட்டிருந்தால் அது என்ன சொல்லியிருக்கும் என்பதை அதனிடமே மீண்டும் கேட்டறிய இயலாது.

இனி இரட்டைத் துகள்களுக்கு வருவோம். சில வகை அணுக்கள் இரண்டு ஒளித்துகள்களை ஒரே நிகழ்ச்சியில் உமிழ்கின்றன. அவை எதிரெதிர்த் திசையில் பிரிந்து எவ்வளவு தொலைவு சென்றாலும், இரண்டையும் ஒரே கோணத்தில் வினவினால் இரண்டும் ஒரே விடை தருகின்றன. ஒன்று கடந்தால் மற்றதும் கடக்கிறது. ஒன்று நின்றால் மற்றதும் நிற்கிறது. இவற்றையே பின்னிப் பிணைந்த துகள்கள் என்கிறோம். “பிணைப்பு” என்னும் பொருள்பட இதற்குப் பெயர் சூட்டியவர் ஷ்ரோடிங்கர்; ஆண்டு 1935.

அதே 1935-ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோசன் ஆகிய மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவர்களுடைய வாதத்தின் சாரம் இது: தொலைவிலுள்ள துகளைத் தொடாமலே அதன் விடையை நாம் முன்கூட்டி அறிய முடிகிறதென்றால், அந்த விடை அத்துகளுக்குள் முன்பே இருந்திருக்க வேண்டும். குவாண்டம் இயக்கவியல் அதைச் சொல்லவில்லையானால், அது முற்றுப்பெறாத கொள்கை. அதாவது, ஒவ்வொரு துகளும் தன் தலையெழுத்தைத் தன்னுடனே எடுத்துச் செல்கிறது. நம்மால் அதைப் படிக்க முடியவில்லை, அவ்வளவுதான். நீல்ஸ் போர் இதை மறுத்து எழுதினார். எனினும் எது சரி என்பதைச் சோதித்தறியும் வழி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் எவருக்கும் புலப்படவில்லை.

வழியைக் கண்டவர் ஜான் பெல். அவரைப் பற்றி இந்த அவை சற்று விரிவாக அறிய வேண்டும். 1928-இல் வடஅயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். உடன்பிறந்தோர் இளவயதிலேயே பள்ளியை விட்டு வேலைக்குச் சென்றனர். இவர் பதினாறு வயதில் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு, அந்நகரின் குயின்ஸ் பல்கலைக்கழகப் பௌதிகத் துறையில் ஆய்வுக்கூட உதவியாளராகச் சேர்ந்தார். கருவிகளை எடுத்து வைக்கும் வேலை. அடுத்த ஆண்டு அதே துறையில் மாணவரானார். கருவியைத் துடைத்த கை, பின்னர் 1964-இல் ஐன்ஸ்டைனின் வினாவுக்கு ஒரு தராசு செய்து கொடுத்தது.

அந்தத் தராசு எப்படி வேலை செய்கிறது? நமக்குத் தெரிந்த பொருளைக் கொண்டே விளக்குவோம். ஒரே ஸ்டோரில் உலர்த்திய ஏலக்காய், இரட்டை மூட்டைகளாகக் கட்டப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்று போடி ஏல மையத்துக்கு இறங்குகிறது. மற்றது மலைமேல் புற்றடிக்குச் செல்கிறது. ஒவ்வொரு மூட்டையிடமும் மூன்று வினாக்களில் ஒன்றை மட்டும் கேட்கலாம். காய் பெரிதா? நிறம் பச்சையா? லிட்டர் எடை நிறைவாக உள்ளதா? விடை “ஆம்” அல்லது “இல்லை”. எந்த வினா என்பதை இரு ஊர்களிலும் உள்ளவர்கள், ஒருவரையொருவர் கலக்காமல், சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கின்றனர். இரு இடத்திலும் ஒரே வினா விழுந்தபோதெல்லாம் விடைகள் தவறாமல் ஒத்திருக்கின்றன.

இதற்கு விளக்கம் எளிது: மூட்டை கட்டும்போதே மூன்று விடைகளையும் ஒரு சீட்டில் எழுதி, இரு மூட்டைகளிலும் அதன் நகலைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். இதுவே தலையெழுத்துக் கொள்கை. பெல் கேட்டது இதுதான்: அப்படியானால், இரு ஊர்களிலும் வெவ்வேறு வினா விழுந்தபோது விடைகள் எவ்வளவு அடிக்கடி ஒத்திருக்க வேண்டும்?

மாணவர்கள் தாளை எடுத்துக்கொள்ளலாம். சீட்டில் மூன்று விடைகள். ஒவ்வொன்றும் “ஆம்” அல்லது “இல்லை”. மூன்று இடங்களை இரண்டே சொற்களால் நிரப்பினால், குறைந்தது இரண்டு இடங்களிலாவது ஒரே சொல் வந்தே தீரும். மூன்று வினாக்களை இவ்விரண்டாக இணைத்தால் மூன்று இணைகள் கிடைக்கும்: அளவும் நிறமும், நிறமும் எடையும், எடையும் அளவும். இம்மூன்று இணைகளில் ஒன்றிலாவது விடை ஒத்திருக்கும். ஆகவே வெவ்வேறு வினா விழுந்த 900 சோதனைகளை எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ 300 முறையாவது விடைகள் ஒத்திருக்க வேண்டும். சீட்டை எழுதியவர் எவ்வளவு தந்திரசாலியானாலும் இந்த எண்ணுக்குக் கீழே இறக்க முடியாது. இது பௌதிகம்கூட இல்லை, வெறும் எண்ணிக்கை.

ஒளித்துகள்கள் என்ன செய்கின்றன? மூன்று வினாக்களுக்குப் பதிலாகப் போலராய்டை 0, 60, 120 பாகைக் கோணங்களில் வைப்போம். குவாண்டம் கணக்கின்படி, கோணங்கள் வேறானபோது விடைகள் நான்கில் ஒரு பங்கு முறைதான் ஒத்திருக்கும். 900-க்கு 225! தலையெழுத்து இருந்தால் 300-க்குக் குறையாது. குவாண்டம் விதி 225 என்கிறது. இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. இனி அளந்து பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

அளந்தார்கள். இரட்டை ஒளித்துகள்களின் தொடர்பை முதன்முதலில் செம்மையாக அளந்தவருள் ஒருவர், சீனத்தில் பிறந்து அமெரிக்காவில் ஆய்ந்த சியென்-ஷியுங் வூ என்னும் அம்மையார். அவரும் ஷாக்னோவும் 1950-இல் தம் முடிவை வெளியிட்டனர். பெல் வகுத்த வினாவுக்கென்றே 1972-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் ஜான் கிளாசரும் ஸ்டூவர்ட் பிரீட்மனும், கால்சியம் அணுக்கள் உமிழ்ந்த இரட்டைத் துகள்களைக் கொண்டு சோதனை நடத்தினர். 1982-இல் பிரான்சில் அலன் அஸ்பெக்டும் குழுவினரும், துகள்கள் பறந்துகொண்டிருக்கும்போதே வினாவை மாற்றும் ஏற்பாட்டுடன் அதைச் செய்தனர். 1998-இல் ஆஸ்திரியாவில் ஆன்டன் சைலிங்கரின் குழு 400 மீட்டர் இடைவெளியில் செய்தது. 2015-இல் நெதர்லாந்தின் டெல்ப்ட் நகரில், முந்தைய சோதனைகளில் எஞ்சியிருந்த முக்கிய ஓட்டைகளையும் அடைத்துச் செய்தனர். சோதனைக்குச் சோதனை கோணங்களும் கணக்கின் வடிவமும் வேறுபடும்; முடிவு வேறுபடவில்லை. குவாண்டம் விதியே வென்றது. கிளாசர், அஸ்பெக்ட், சைலிங்கர் மூவரும் 2022-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். பெல் 1990-இலேயே காலமாகிவிட்டார்.

இதிலிருந்து நாம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது? இங்கேதான் மிகுந்த நேர்மை வேண்டும்.

சொல்லத் தக்கது இது: ஒவ்வொரு துகளும் தன் விடைகளைத் தன்னுள்ளேயே எழுதி எடுத்துச் செல்கிறது, தொலைவிலுள்ளது எதுவும் அதைத் தீண்டுவதில்லை என்னும் கொள்கை சோதனையில் தோற்றது. முன்விடையை வைத்துக்கொள்ள விரும்பும் விஞ்ஞானிகளும் உளர். ஆனால் அவர்கள், ஓரிடத்து நிகழ்ச்சி தொலைவிடத்தைத் தொடுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதாகிறது. இரண்டையும் ஒருசேரக் காப்பாற்ற வழியில்லை.

சொல்லத் தகாதவை சில உண்டு. இந்தப் பிணைப்பைக் கொண்டு ஒளியினும் விரைவாகச் செய்தி அனுப்பலாம் என்பார்கள், இயலாது. போடியிலிருந்து பார்ப்பவருக்கு அவர் பக்கத்து விடைகள் மட்டும், பூவா தலையா போட்டதுபோல், பாதிக்குப் பாதியாகவே தெரியும். மலைமேலுள்ளவர் எந்த வினாவைக் கேட்டார் என்பதை அதிலிருந்து அறிய முடியாது. இரு குறிப்பேடுகளையும் ஒருங்கே வைத்து ஒப்பிட்டால்தான் பிணைப்பு புலப்படும். அக்குறிப்பேடு மலைச்சாலையில் சாதாரண வேகத்தில்தான் வந்து சேர வேண்டும். சாதகம், மறுபிறப்பு, மந்திர சிகிச்சை ஆகியவற்றை இது மெய்ப்பிக்கிறது என்பார்கள். இந்தச் சோதனைகளில் அவற்றுக்கு இடமே இல்லை.

நம் பக்கத்தாருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. “துகளுக்கே தலையெழுத்து இல்லை, ஆகவே மனிதனுக்கும் இல்லை, ஆகவே சாதி பொய்” என்று மேடையில் முழங்க நமக்கு ஆசை பிறக்கலாம். அது கூடாது. மனிதர் சமம் என்பது ஒளித்துகளின் தயவில் நிற்பதன்று. நாளை வேறொரு சோதனை வேறு முடிவைத் தந்தாலும் நம் உரிமை ஓர் அணுவளவும் குறையாது. பிறர் விஞ்ஞானத்தை வளைத்தால் தவறு, நாம் வளைத்தால் சரி என்பது நம் கழகத்துக்கு அழகாகாது. மாணவருக்கு நாம் தரும் விடை இவ்வளவே: எல்லாம் முன்பே எழுதப்பட்டது என்று விஞ்ஞானம் மெய்ப்பிக்கவில்லை, அப்படிச் சொன்னவர் படிக்காமல் பேசினார்.

இந்தப் பாடம் எங்கோ வெளிநாட்டில் நடப்பது என்று எண்ண வேண்டாம். அளவீடு பற்றிய வினா நம் மலையடிவாரத்துக்கே வந்திருக்கிறது. தேவாரத்தை அடுத்த பொட்டிப்புரத்தில், போடி மேற்கு மலைகளில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கும் திட்டத்தை நாம் அனைவரும் அறிவோம். நியூட்ரினோவும் குவாண்டம் விதிக்கு உட்பட்ட துகளே. அதில் மூன்று வகைகள் உண்டு. ஒரு வகையாகப் பிறந்தது, செல்லும் வழியில் மூன்று வகைகளின் கலப்பாகி, கருவியில் சிக்கும்போது ஏதேனும் ஒரு வகையாக வெளிப்படுகிறது. 1998-இல் ஜப்பானில் இதற்கு உறுதியான சான்று கிடைத்தது. பொட்டிப்புரத்தில் ஏறத்தாழ 2 கி.மீ. சுரங்கம் குடைந்து, 50,000 டன் இரும்பாலான கருவியை வைத்து, இம்மாற்றத்தை மேலும் நுட்பமாக அளப்பதே திட்டம். நீலகிரியில் சிங்காரா என்னுமிடத்தில் அமைக்க 2009-இல் அனுமதி மறுக்கப்பட்டபின் இங்கு வந்தது. 2015 சனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டு மார்ச்சில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்கா அருகிலிருப்பதைக் காட்டி 2017-இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018-இல் மத்திய அரசு மீண்டும் அனுமதித்தது. 2022-இல் தமிழ்நாடு அரசு உச்சநீதிமன்றத்தில் எதிர்ப்பைத் தெரிவித்தது. சுரங்கம் தோண்டப்படவில்லை.

இவ்வழக்கில் நாம் தீர்ப்புக் கூற வரவில்லை. ஒன்றை மட்டும் வற்புறுத்துகிறோம். இங்கும் கேட்கப்படும் வினாக்கள் இரண்டு, அவற்றைக் குழப்பிக்கொள்ளலாகாது. நியூட்ரினோ நம்மைக் கொல்லுமா என்பது ஒரு வினா. அதற்குப் பௌதிகம் விடை தரும்: ஒவ்வொரு நொடியும் கோடானுகோடி நியூட்ரினோக்கள் கதிரவனிடமிருந்து வந்து நம் உடலை ஊடுருவிச் செல்கின்றன, நமக்குத் தீங்கில்லை. மலையைக் குடைந்தால் ஊற்றும் மேய்ச்சலும் காட்டுயிரும் என்னாகும், யார் நலன் காக்கப்படும் என்பது வேறொரு வினா. அதற்கு நியூட்ரினோவின் சாதுத்தன்மை விடையாகாது. ஒன்றைக் கேட்டுப் பெற்ற விடையை மற்றதற்குச் சூட்டுவோர் இரு தரப்பிலும் இருந்தனர். நம் ஊர்ப் பிள்ளைகளில் பௌதிகமும் நிலவியலும் சட்டமும் கற்றோர் பலர் இருந்திருந்தால், அந்தக் கூட்டங்களில் நாம் பிறர் சொல்லைக் கேட்டு அஞ்சுவோராகவும் கைதட்டுவோராகவும் மட்டும் நின்றிருக்க மாட்டோம்.

இன்னொரு சுரங்கத்தையும் நினைவூட்டுகிறோம். வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவை உலகில் முதன்முதலில் கண்டறிந்த இடங்களுள் ஒன்று கோலார் தங்கவயல், ஆண்டு 1965. தரைக்குக் கீழே இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் டாடா ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள், ஜப்பானிய, ஆங்கிலேய அறிஞர்களுடன் கருவி வைத்து அளந்தனர். அந்த ஆழத்துக்குப் பாறையை வெட்டியவர் யார்? வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து பிழைக்கச் சென்ற தமிழ்த் தொழிலாளர். அவர்களுள் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட நம் மக்கள். உலக விஞ்ஞான வரலாற்றுக்கு இடம் வெட்டித் தந்தது நம் கை. அளந்த கைகளில் நம் கை எத்தனை?

ஏலக்காட்டிலும் இதே கதைதான். பறிக்கும் கை நம்முடையது. தராசு பிடித்த கை பிறருடையது. பள்ளியிலும் இதைக் கண்டோம். நம்மில் சிலர் படித்த காலத்தில், ஆய்வுக்கூட மேசையைச் சுற்றி மற்ற மாணவர் நிற்க, நாம் பின்வரிசையில் நின்று அவர்கள் தோள்களுக்கிடையே எட்டிப் பார்த்தோம். “தொடாதே, உடைந்துவிடும்” என்றார்கள். கண்ணாடி உடையும் என்பதற்காகச் சொன்னதன்று அது என்பதை அந்த வயதிலேயே அறிந்திருந்தோம். செய்முறைக் குறிப்பேட்டில் பிறர் அளந்த எண்ணைப் பார்த்தெழுதி மதிப்பெண் பெற்றோம். மதிப்பெண் கிடைத்தது, அளக்கும் துணிவு கிடைக்கவில்லை.

கதவு மூடியே இருக்கிறது என்று சொல்லி உங்களை அனுப்ப நாம் விரும்பவில்லை. சாதியின் பெயரால் கல்கத்தா மாணவர் விடுதியில் ஒதுக்கப்பட்ட மேகநாத் சாகா, விண்மீன்களின் ஒளியை ஆராயும் சமன்பாட்டை 1920-இல் உலகுக்குத் தந்தார். இன்று நம் நாடு 2023-இல் தேசியக் குவாண்டம் திட்டத்தை 6,003 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கித் தொடங்கியுள்ளது. அதில் குவாண்டம் செய்தித்தொடர்புக்குரிய மையம் சென்னை ஐ.ஐ.டி.யில் அமைகிறது. பிணைந்த துகள்களைக் கொண்டு, ஒற்றுக்கேட்டால் உடனே தெரிந்துவிடும் மறைகுறிகளை உண்டாக்கும் முயற்சியை அகமதாபாத்தில் 2022-இல் 300 மீட்டர் இடைவெளியில் செய்து காட்டினர், டெல்லி ஐ.ஐ.டி.யில் 2025-இல் ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் செய்தனர். பொட்டிப்புரத்துக்கென வடிவமைத்த கருவியின் 85 டன் மாதிரி ஒன்று மதுரையில் இயங்கத் தொடங்கியது. சென்னையும் மதுரையும் போடியிலிருந்து பேருந்தில் போகும் தூரம்தான். அங்கு நுழைய வேண்டியவை பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் பௌதிகமும், அவற்றைக் கண்டு அஞ்சாத மனமும். கணிதம் நமக்கு வராது என்று எவரேனும் சொன்னால், சற்று முன் இந்த அவையிலிருந்த சிறுவர்கள் 300-க்கும் 225-க்கும் உள்ள வேறுபாட்டைத் தாளில் போட்டுப் பார்த்ததை நினைவுகூருங்கள். பெல்லின் தேற்றத்தின் உயிர் அதுவே.

இறுதியாக, வெள்ளிவிழாவுக்கு நன்கொடை வழங்கிய பெரியோர்களுக்கு ஒரு கணக்கு ஒப்புவிக்க வேண்டும். வந்த தொகையில் ஒரு சிறு பகுதியைக் கொண்டு போலராய்டுத் தகடுகள் வாங்கியுள்ளோம். விலை சிறிது, ஆளுக்கு மூன்று வீதம் மாலை வகுப்பு மாணவர் அனைவருக்கும் போதுமானவை. வரும் சனிக்கிழமை மாலை விளக்கேற்றும் நேரத்தில் வகுப்பு தொடங்கும். இரண்டு தகடுகளைக் குறுக்கே வைத்து ஒளியை மறைப்பதும், மூன்றாவதைச் செருகி ஒளியை வரவழைப்பதும் ஒவ்வொரு மாணவரும் தம் கையாலேயே செய்ய வேண்டும். ஆசிரியர் செய்து காட்ட மாட்டார். காடு சென்று திரும்பும் பெற்றோரும் வரலாம். அவர்களுக்கும் தகடு உண்டு. அந்த அறையில் பின்வரிசை இராது. தகடு கீறினால் கீறட்டும், வேறு வாங்கிக்கொள்வோம்.